வழிச்சோறு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் பேருந்துகளில், வார இறுதி என்றால் பாதிக் கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள்தான். மரக்காணம் நெருங்கும்போது சாலையோரத்து மரங்கள் விலகும். கட்டம் கட்டமாகத் தண்ணீர், நடுவே வரப்புகள், வரப்பின்மேல் வெள்ளைக் குவியல்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து கைப்பேசியை ஜன்னலுக்கு நீட்டுவார்கள். சில நிமிடங்களில் உப்பளம் முடிந்துவிடும், கைப்பேசி பைக்குள் போய்விடும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அளம் இது. தமிழ்நாட்டு உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக நாம் சொல்லும் பெயர் மரக்காணம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இறங்க நேரமில்லை. புதுச்சேரியில் எந்தத் தெருவில், எந்த உணவகத்தில், எதைச் சாப்பிட வேண்டும் என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்துவிட்டு வருகிறார்கள்.

நான் திண்டிவனத்துக்காரன். மரக்காணம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே அளத்துக்குள் இறங்கி நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, மேற்குப் பிரான்சில் மாணவனாக இருந்தபோது ஒரு மழை நாளில் கிடைத்த சாப்பாட்டுக்குப் பிறகு.

நாந்த் நகரில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை தொடங்கும் நேரம். உடன் படித்தவர்களோடு கடலுக்குப் போவதாக ஏற்பாடு. லெ குருவாசிக் என்ற கடைசி நிலையம் வரை ரயிலில் போனோம். இறங்கினால் காற்றும் தூறலும். மணலில் உட்கார வழியில்லை, திரும்பும் ரயிலுக்கோ நிறைய நேரம் இருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி ஊரின் பின்பக்கமாக நடந்தோம். அங்கே கெராந்த் உப்பளம் விரிந்து கிடந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறக் களிமண் பாத்திகள், வளைந்து வளைந்து போகும் வரப்புகள். ஒருவர் மண்வெட்டியோடு வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கருவியைப் பார்த்தேன். நீண்ட கழி, அதன் முனையில் பல் இல்லாத ஒரு பலகை. மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்கள் கையில், பேருந்து ஜன்னல் வழியாக, சிறு வயதிலிருந்து நான் பார்த்த அதே வடிவம்.

எனக்கு இருந்த பிரெஞ்சில், எங்கள் ஊரிலும் உப்பளம் உண்டு என்றேன். எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மாதம் உப்பு எடுப்பீர்கள் என்று கேட்டார். தை மாதம் தொடங்கினால் புரட்டாசி வரை என்பதை மாதக் கணக்கில் சொன்னேன். அவர்களுக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான், அதற்குள்ளும் இப்படி மழை வந்தால் பாத்தி மறுபடி தயாராகப் பல நாள் ஆகும். எட்டு ஒன்பது மாத வெயில் என்றதும் அவர் முகத்தில் தெரிந்த பொறாமையை நான் மறக்கவில்லை. எங்கள் வெயிலை யாரும் விரும்பி அதுவரை நான் பார்த்ததில்லை.

மழை வலுத்ததும் தன் கொட்டகைக்குள் எங்களைக் கூப்பிட்டார். வேகவைத்த உருளைக்கிழங்கை இரண்டாகப் பிளந்து, உப்பு சேர்த்த வெண்ணெயை வைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு கண்ணாடிப் புட்டியில் காடியில் ஊறிய பச்சைக் குச்சிகள். கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து உப்பும் புளிப்புமாக இறங்கியது. அது என்ன என்று கேட்டதற்கு அவர் வெளியே வரப்பைக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட எங்கள் உமரிதான். நம் கடலோரத்தில் உவர் நிலமெங்கும் காலில் மிதிபடும் செடி. சில ஊர்களில் ஏழை வீடுகளில் கீரையாக வதக்குவார்கள். அதே குடும்பத்துச் செடியை இங்கே புட்டியில் அடைத்து, பெயர் எழுதி விற்கிறார்கள்.

வெண்ணெயில் ஏன் உப்பு என்பதற்கும் அந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு மன்னர்கள் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் உப்பு வரி மக்களை நசுக்கியது. புரட்சிக்கு முன் ஏழைகளை அதிகம் கொதிக்க வைத்த வரிகளில் அதுவும் ஒன்று. கெராந்த் அப்போது சேர்ந்திருந்த பிரித்தானி மாகாணத்துக்கோ அந்த வரியிலிருந்து விலக்கு இருந்தது. உப்பு மலிவு, அதனால் வெண்ணெயில் தாராளமாகப் போட்டுப் பழகினார்கள். வரி ஒழிந்து தலைமுறைகள் போன பிறகும் நாக்கு அதை விடவில்லை. ஓர் அரசாணை நாக்கில் இத்தனை காலம் தங்கும் என்பதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. உப்பு எடுக்கும் தொழிலுக்கு அங்கே 1979 முதல் முறையான படிப்பு இருக்கிறது. கெராந்த் உப்புக்கு 2012 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய படிகத்தைத் தனியாக வழித்தெடுத்து, அதை எடுத்தவர்களின் தொழிலைச் சொல்லி, நல்ல விலைக்கு விற்கிறார்கள். சுற்றுலா வளர்ச்சி அந்தச் சதுப்பை விழுங்கப் பார்த்த காலத்தில் எதிர்த்து நின்று அளத்தைக் காப்பாற்றியவர்களும் அந்தத் தொழிலாளர்கள்தான். ஊருக்கு வந்தபின் மரக்காணத்தில் பேருந்தை விட்டு இறங்கினேன்.

மரக்காணத்து அளத்தைக் கிட்ட இருந்து பார்த்தால், அங்கே எதுவும் தற்செயல் இல்லை என்பது முதலில் புரியும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கரைந்திருப்பவை ஏறக்குறைய 35 கிராம். அதில் சோற்றுக்கு ஆகும் உப்பு 27 கிராம் அளவுக்கு இருக்கும். மீதி சுண்ணாம்புச் சத்தும் கசக்கும் உப்புகளும். உப்பு காய்ச்சுவது என்று நாம் எளிதாகச் சொல்லும் வேலை உண்மையில் பிரித்தெடுக்கும் வேலை. தண்ணீரை முதலில் பெரிய பாத்திகளில் நிறுத்தி, வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்குத் தள்ள வேண்டும். ஜிப்சம் வழியிலேயே படிந்துவிடும். அடர்த்தி 25 டிகிரி போமேயைத் தொடும்போது உப்பு கட்டும். அதன்பின் அப்படியே விட்டால் மெக்னீசியம் உப்புகள் ஏறிக் கசப்பு கலந்துவிடும், ஆகவே அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதையெல்லாம் கருவி இல்லாமல் தண்ணீரின் நிறத்தையும் காலில் படும் உணர்ச்சியையும் வைத்துச் சொல்லும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் பாத்தித் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். உப்பு வாருவது விடியுமுன் தொடங்கும். வெயில் ஏறினால் வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைக்கும். காலில் வெடிப்பு இருந்தால் ஒவ்வோர் அடியும் எரியும். கோடையில் ஒரு மழை பெய்தால் உழவர் மகிழ்வார், இங்கே பல நாள் உழைப்பு கரைந்து போகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அளம் முழுதும் ஏரி, வேலை கிடையாது.

நான் போனது ஒரு பங்குனிக் காலை. உப்பு வாரி முடித்துப் பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மா தூக்குச் சட்டியைத் திறந்து, கேழ்வரகுக் கூழைக் கரைத்து ஒரு சொம்பில் ஊற்றி என்னிடம் நீட்டினார். கடித்துக்கொள்ள வெங்காயமும், வறுத்த சென்னாக்குனியும். எறும்பை விடக் கொஞ்சம் பெரிய அந்தக் கருவாட்டு இறால், வாயில் போட்டால் கடலையும் வெயிலையும் சேர்த்துத் தரும். நான் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று இரண்டு மூன்று முறை சொன்னேன் போலிருக்கிறது.

“இன்னா கண்ணு இதுல இருக்குது? தெனம் குடிக்கிற கூழுதான். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றார்.

தினம் குடிக்கிற கூழ். கெராந்தில் அந்த மனிதரும் உருளைக்கிழங்கைத் தந்தபோது ஏறக்குறைய இதையே சொன்னார். மழையில் தற்செயலாகக் கிடைத்தது என்று நான் மகிழ்ந்தேன், அது அவருடைய அன்றாட மதியச் சாப்பாடு. நான் எதிர்பாராததாக நினைத்த ஒவ்வொரு சோற்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் முன்கூட்டியே எல்லாம் செய்து வைத்திருந்தார். கேழ்வரகை அரைத்து, மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க விட்டு, மறுநாள் காய்ச்சினால்தான் கூழ். குப்பத்து மணலில் சென்னாக்குனியைப் பரப்பி, மழை வராமல் பார்த்துக் காயவைத்தால்தான் அது வறுக்க ஆகும். அந்த அம்மா சட்டியில் கொண்டு வந்த கூழ் அவருடைய வயிற்றுக்கு அளந்து வந்த கூழ். எனக்கு ஊற்றிய சொம்பு அதிலிருந்துதான் குறைந்தது.

திட்டமிடாத பயணத்தில்தான் உண்மையான அனுபவம் கிடைக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்கிறவர்கள் தங்கள் திட்டத்தை மட்டுமே நினைக்கிறார்கள். எதிர்பாராதது என்பது வருகிறவனுக்கு மட்டும். தருகிறவருக்கு அது உழைப்பும் கணக்கும் நிறைந்த இன்னொரு நாள்.

இதை இந்தக் கடற்கரை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது. மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கும் நிலத்துண்டு இடைக்கழிநாடு. இன்றும் அதே பெயரில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அந்த நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வழியில் கண்ட இன்னொரு ஏழைப் பாணனுக்கு அந்த மன்னனிடம் போக வழி சொல்கிறான். 269 அடிகள். மன்னன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்தது. வழியில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். என் ஊரிலிருந்து உப்பளம் வரை நான் பேருந்தில் போகும் வழி, ஏறத்தாழ அந்தப் பாணன் சொன்ன வழியின் எதிர்த்திசை.

அந்தப் பாட்டில் பட்டினத்தில் மீனவப் பெண்ணான நுளைச்சி வடித்த கள்ளும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். உள்நாட்டுக்குள் நடந்து வேலூர் போனால் வேட்டுவரான எயினர் வீட்டில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் குத்திய அரிசியின் வெண்சோறும் நண்டும். கடலோரம், காடு, வயல் என்று நிலம் மாற மாற இலையில் விழுவதும் மாறுகிறது. ஒவ்வோர் ஊரிலும் எது கிடைக்கும் என்பதோடு அதை யார் தருவார்கள், அவர்கள் தொழில் என்ன, எந்தக் கை அரிசியைக் குத்தியது என்பதையும் பாணன் சொல்கிறான். ஆமூரில் உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்து போயிருப்பது வரை அவன் கவனித்திருக்கிறான். சோற்றைப் பார்த்தவன் உலக்கையையும் பார்த்திருக்கிறான். அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

உமணர்களும் அதில் வருகிறார்கள். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள். அவர்கள் பிள்ளைகளைப் போல வளர்க்கும் மந்தி, அவர்களுடைய சிறுவர்களோடு சேர்ந்து, சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும். முத்து அங்கே விளையாட்டுப் பொருள், உப்பு வண்டியில் ஏறிப் போகும் சரக்கு.

ஆனால் அந்தப் பாட்டில் என்னை நிறுத்தி வைக்கும் இடம் வேறு. பரிசு பெறுவதற்கு முன் தன் வீடு இருந்த நிலையைப் பாணன் சொல்கிறான். அடுப்படியில் ஈன்ற நாய், பால் வற்றி, கண் திறக்காத தன் குட்டிகளையே விரட்டுகிறது. மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. அறியாதவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று நாணிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு அதைத் தின்கிறாள். வறுமையின் அடிமட்டத்தைக் காட்ட இந்தப் புலவருக்கு எத்தனையோ வழி இருந்திருக்கும். உப்பில்லாக் கீரையைத் தேர்ந்தெடுத்தார். கழிக்கரை நாட்டுக்காரர் அவர். கண்ணெதிரே உப்பு குவிந்து கிடக்கும் நாட்டில் ஒரு வீட்டுக்குள் உப்பு போய்ச் சேரவில்லை என்றால் அது எந்த அளவு ஏழ்மை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மூடிய கதவுக்குள் தின்ற அந்த மனிதன், அடுத்தடுத்த ஊர்களில் திறந்த வாசல்களில் உட்கார்ந்து தின்கிறான். திரும்பி வரும் வழியில் தன்னைப் போலவே பசித்த ஒருவனைக் கண்டதும், கிடைத்ததை மறைக்காமல் வழி சொல்கிறான்.

உப்பில்லாமல் வேகவைத்த காய்கறியோடு இன்னொரு மாணவன் கதையும் தொடங்குகிறது. 1888ஆம் ஆண்டு சட்டம் படிக்க லண்டன் போன மோகன்தாஸ் காந்தி. புலால் உண்ணமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்துவிட்டுப் போனவர். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த காய்கறி அவருக்கு இறங்கவில்லை. தங்கியிருந்த வீட்டில் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் கூச்சம். பசியோடு நாள்தோறும் பல மைல் நடந்தார். அப்படி அலைந்த ஒரு நாளில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. உள்ளே நுழையும்போது கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில் ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்று தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த உணவகம் வழியாக லண்டன் சைவ உணவாளர் சங்கத்துக்குப் போனார். கூட்டம் நடத்த, தீர்மானம் எழுத, தயங்கித் தயங்கியாவது பேச அங்கேதான் பழகினார். 1891இல் அவர்களுடைய வார இதழில் இந்தியரின் உணவு பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் ஒன்றில், நம் நாட்டு ஏழைகளில் ஆயிரக்கணக்கானோர் ரொட்டியும் உப்பும் மட்டுமே தின்று வாழ்கிறார்கள் என்று சொல்லி, அந்த உப்புக்கும் கடும் வரி இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அப்போது அவருக்கு வயது 21. உப்பு வரியை எதிர்த்துத் தண்டிக்கு அவர் நடந்தது 1930இல். இடையில் 39 ஆண்டுகள். தண்டி யாத்திரைக்கு அடுத்த ஆண்டு, 1931 நவம்பரில், லண்டனில் அதே சைவ உணவாளர் சங்கத்தின் கூட்டத்தில் அவர் பேசினார். முதியவராகியிருந்த ஹென்றி சால்ட் அவருக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்.

இந்த வரிசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பசித்த ஒரு மாணவன் அயல்நாட்டுத் தெருவில் தற்செயலாக ஓர் உணவகத்தைக் கண்டான். வயிறு நிறைந்ததோடு அவன் நின்றிருந்தால் அது ஒரு நல்ல நினைவாக மட்டும் இருந்திருக்கும். தன் பசி தீர்ந்த அந்த இடத்தில் இருந்துகொண்டு, தன் நாட்டில் ரொட்டியும் உப்பும் தின்பவர்களைப் பற்றி எழுதினான். தனக்குக் கிடைத்த சோறு, கிடைக்காதவர்களை அவன் கண்முன் கொண்டு வந்து நிறுத்தியது.

அதே 1930, ஏப்ரல் 13. ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 150 மைல் நடை. அவர்களுக்குச் சோறோ இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். தஞ்சை மாவட்டத்து மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். நடந்து போகிறவர்கள் எடுத்துத் தின்றார்கள். கட்டியவர் யார் என்று தின்றவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்ல முடியாது. வழியில் கிடைத்த சோற்றின் கதைகளில் இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் கேட்டதில்லை. ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பை அள்ளினார்கள், ராஜாஜி கைதானார்.

அந்த மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தவர் யாருக்கு நன்றிக் கடன் பட்டார்? திருப்பிக் கொடுக்க ஆளே இல்லை. கெராந்துக்காரருக்கு நான் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? கூழ் ஊற்றிய அம்மாவுக்கு? ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் முகம் வாடியிருக்கும். இங்கேதான் ஆற்றுப்படை எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. பாணன் நுளைச்சியிடம் திரும்பிப் போய் மீனுக்கு விலை கொடுக்கவில்லை. அடுத்து வரும் பசித்தவனிடம், இந்த ஊருக்குப் போ, இந்த வீட்டில் கேள் என்று சொன்னான். அதுதான் அவன் திருப்பிச் செலுத்திய முறை. வழியில் கிடைத்த சோறு தின்றவனுக்குச் சொந்தமில்லை, அது வழிக்குச் சொந்தம். அடுத்தவருக்குக் கடத்தாதவரை அது நம் கையில் கடனாகவே இருக்கும். காந்தி அதைக் கடத்த 39 ஆண்டு எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டாலும் ஒரு தேசத்துக்கே கடத்தினார்.

நம் பிள்ளைகள் இதைத் தங்களுக்குத் தெரியாமலே இன்றும் செய்கிறார்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் வாரத்தில், பெட்டியில் கொண்டுபோன பருப்புப்பொடி தீரத் தொடங்கும்போது, மூத்த மாணவர் ஒருவர் வந்து சொல்வார்: பாரிஸில் என்றால் லா ஷாப்பெல்லில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, இடியாப்பமும் சம்பலும் கிடைக்கும்; லண்டனில் கையில் காசில்லாத நாளில் சவுத்தால் குருத்வாராவுக்குப் போ, யாரென்று கேட்க மாட்டார்கள். அந்த மூத்தவருக்கு அதை இன்னொரு மூத்தவர் சொல்லியிருப்பார். போரில் வீட்டை இழந்து வந்தவர்கள் நடத்தும் கடையில், வீட்டு நினைப்பில் வாடும் மாணவன் இடியாப்பம் தின்கிறான். அந்தக் கடைக்காரர் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், எந்த ஆண்டு புறப்பட்டார் என்று ஒருநாள் அவன் கேட்பான் என்றால், அவன் வெளிநாட்டில் படிக்க வந்ததன் பெரும்பகுதி அன்று நிறைவேறிவிடும் என்பேன். பட்டம் அதற்குப் பிறகு வரட்டும்.

கேட்பது குறைந்துவிட்டது என்பதுதான் என் கவலை. உணவைப் பற்றி இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி தின்றவரின் நாக்கைப் பற்றியது. எத்தனை நட்சத்திரம், காசுக்குத் தகுமா. உலக்கைப் பூண் தேய்ந்திருந்ததை யாரும் சொல்வதில்லை. உப்பின் நிலை இன்னும் மோசம். மாம்பழத்துக்கும் அரிசிக்கும்கூட ஊர்ப் பெயர் சொல்லி வாங்குகிற நாம், உப்பு எந்த ஊர் என்று கேட்டதில்லை. மரக்காணத்து உப்பு லாரியில் ஏறியதும் அதன் பெயர் போய்விடுகிறது. கெராந்தில் அந்த மனிதரின் தொழிலுக்கு மரியாதை தானாக வந்துவிடவில்லை, போராடிப் பெற்றார்கள். இங்கே ஒன்பது மாத வெயிலில் நிற்பவர்களுக்கு மழை மாதங்களில் மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது வந்ததே பெரிது என்று நினைக்கும் நிலையில் அவர்கள் இருப்பது எனக்கு வலிக்கிறது.

ஆகவே இந்த வழியில் வரும் மாணவர்களுக்கு, நான் வாங்கிய கூழின் பேரில், வழி சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கலாம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயரிடம் போன கோட்டை. இடிந்த சுவருக்கு அப்பால் கழிமுகம் தெரியும். அங்கிருந்து தெற்கே இடைக்கழிநாட்டு ஊர்களைத் தாண்டினால் மரக்காணம். மாசியிலோ பங்குனியிலோ வாருங்கள். முதல் நாள் இரவே வந்து தங்கி விடியுமுன் அளத்துக்குப் போனால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். வேலை நடக்கும்போது வரப்பில் ஓரமாக நில்லுங்கள், பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் பாத்தியில் மழைத் தண்ணீர்தான் இருக்கும். அப்போது கழுவெளிப் பக்கம் போங்கள். 2021இல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு அது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளுக்கும் அதுவே வழியில் சோறு கிடைக்கும் ஊர். வெயில் காலம் என்றால் திண்டிவனம் சாலையில் தர்பூசணி குவிந்திருக்கும், நுங்கு கிடைக்கும். புதுச்சேரி நோக்கிப் போனால் பொம்மையார்பாளையம் வரை சவுக்குத் தோப்பும் குப்பங்களும் மாறி மாறி வரும். குப்பத்துப் பெண்களிடம் சென்னாக்குனி கேளுங்கள், எப்படி வறுப்பது என்றும் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். அளத்தில் யாராவது கூழ் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குடித்துவிட்டு, எத்தனை வருஷமாக அளத்துக்கு வருகிறீர்கள், மழை மாதங்களில் என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கூழுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். சாலையோரத்தில் உப்பு விற்பவர்களிடம் கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக்கொள்ளுங்கள், சொன்ன விலைக்கு.